சிறார்க்குரிய வெப்பப் பாடமும் தமிழ் வினைச்சொல்லும்

பள்ளிச் சிறார்க்கென எழுதப்பெறும் அறிவியற் பாடங்களின் தமிழ்நடையை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் கலைச்சொற்களை ஆராய்ந்த அளவில் அமைந்துவிடுகின்றனர். இச்சொல் வடசொல்லா தமிழ்ச்சொல்லா, பொருள் நிறைந்ததா குறைந்ததா, ஓசை இனியதா என்பனவே அவர்தம் வினாக்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கிய காலந்தொட்டு இவ்வாராய்ச்சி நடைபெற்று வருகிறது, பயனும் தந்துள்ளது. ஆயினும், சொல் எத்துணைச் செவ்விதாக அமையினும், அச்சொல் நின்று இயங்கும் வாக்கியம் பழுதுபட்டதாயின் மாணாக்கன் பெறும் பொருளும் பழுதுபட்டதே ஆகும். வெப்பம் ஒரு பொருளினின்றும் மற்றொரு பொருளுக்குச் செல்லும் முறையைக் கற்பிக்கும் பாடம் இதற்குத் தக்கதொரு சான்று. இப்பாடத்தின் இடர்ப்பாடு பெயர்ச்சொல்லில் இல்லை, வினைச்சொல்லில் உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்து. வினைக்கு முதல் யாது என்னும் வினாவை எழுப்பாமலே பாடம் எழுதப்படுகிறது. சிறுவனும் அதனை எழுப்பாமலே மனப்பாடம் செய்கிறான்.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வெப்பம் பரவும் வகையை வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீசல் என மூன்றாகக் கூறுகின்றன. இவற்றுள் முதலாவதை எடுத்துக்கொள்வோம். கடத்தல் என்னும் தொழிற்பெயர் இரு பகுதிகளினின்றும் பிறக்கக்கூடியது. ‘கட’ என்னும் தன்வினைப் பகுதி ‘தல்’ விகுதி பெற்றுக் கடத்தல் ஆகும், நடத்தல் போல. ‘கடத்து’ என்னும் பிறவினைப் பகுதியும் கடத்தல் எனவே நிற்கும். முன்னதாயின், வெப்பம் தானே கடந்து செல்கிறது என்பது பொருள். பின்னதாயின், கம்பியோ கரண்டியோ வெப்பத்தைக் கடந்துபோகச் செய்கிறது என்பது பொருள். வெப்பத்தினது கடத்தல் என ஆறாம் வேற்றுமையாக விரித்தாலும் ஐயம் தீர்வதில்லை. ஆறாவது இங்கு எழுவாய்ப் பொருளுக்கும் செயப்படுபொருட்கும் ஒருங்கே இடந்தருகிறது. இலக்கணம் கற்றோர்க்கே மயக்கந்தரும் இச்சொல் பத்து வயதுச் சிறுவனுக்கு என்ன பொருள் தரும்? செய்தித்தாளில் அவன் காணும் கடத்தல் பொன்னைக் கடத்துவதும் குழந்தையைக் கடத்துவதுமே. அதனை எண்ணி வகுப்பில் எழும் சிரிப்பை ஆசிரியர் அடக்கிவிடலாம். அச்சிரிப்பின் அடியில் உள்ள ‘கடத்துபவர் யார்’ என்னும் வினாவை அடக்குதல் முறையன்று. அவ்வினாவே பாடத்தின் உயிர்நிலை.

இம்மயக்கத்தின்மேல் செயப்பாட்டு வினையும் வந்து சேர்கிறது. இவ்வகைப் பாடங்களின் வாக்கிய அமைப்பைக் காட்டுதற்பொருட்டு நாமே ஒன்று அமைத்துக் காண்போம்: ‘இரும்புக் கம்பியின் ஒரு முனை சூடாக்கப்படும்பொழுது வெப்பமானது மறுமுனைக்குக் கடத்தப்படுகிறது.’ ஈண்டு இரண்டு ‘படு’ வந்துள்ளன. செய்வோன் ஒருவனும் இல்லை. தமிழ் செயப்பாட்டு வினையை அறியாத மொழியன்று. எனினும், செயப்படுபொருளையே செய்ததுபோலக் கூறும் மரபு தமிழில் உண்டு என்பதைத் தொல்காப்பியரே உடன்பட்டுள்ளார். ‘கதவு திறந்தது’, ‘சோறு வெந்தது’ என்று இயல்பாகப் பேசும் மொழியில் ‘சோறு வேகவைக்கப்பட்டது’ என எழுதுவது சிறார் செவிக்கு அயலாகவே ஒலிக்கும். அயன்மைகூடப் பெரும் குறையன்று. கம்பிக்குள் நிகழ்வது யாது என்பதை இவ்வாக்கியம் மறைத்துவிடுதலே பெருங்குறை.

நிகழ்வது இது. நெருப்பில் இருக்கும் முனையிலுள்ள அணுக்கள் முன்னையினும் மிகுதியாக அதிர்கின்றன. அவை தமக்கு அடுத்த அணுக்களை உலுக்குகின்றன; அவை தமக்கு அடுத்தவற்றை உலுக்குகின்றன. அணுக்கள் தத்தம் இடத்திலேயே நிற்க, அதிர்ச்சி மட்டும் மறுமுனையை எய்துகிறது. (உலோகங்களில் கட்டற்ற எலெக்ட்ரான்களே இவ்வேலையில் பெரும்பங்கு கொள்கின்றன, அதனை மேல்வகுப்பிற்கு ஒதுக்கலாம்.) மேலே எழுதிய நான்கு வாக்கியங்களிலும் எழுவாய் உண்டு, வினைகள் அனைத்தும் செய்வினைகள், அருஞ்சொல் ஒன்றேனும் இல்லை. கடத்தல் என்னும் பெயரை இவற்றுக்குப்பின் கூறினால் அது தெரிந்ததொன்றன் பெயராகும். முன் கூறினால் தெரியாததொன்றன் பெயராகவே நின்றுவிடும்.

இரண்டாவது வகையின் பெயர் இன்னும் சுவையான ஆராய்ச்சிக்கு உரியது. நீரோ காற்றோ சூடேறி, தானே இடம்பெயர்ந்து, தன்னுடன் வெப்பத்தையும் கொண்டுசெல்வது இவ்வகை. ஆங்கிலத்தில் இதற்கு இன்று வழங்கும் பெயரை 1834-இல் வில்லியம் பிரௌட் என்னும் மருத்துவர் இலத்தீன் மொழியில் ‘சுமந்துசெல்’ எனப் பொருள்படும் வினையினின்றும் அமைத்தார். அப்பெயரில் சுமை உண்டு, சுமப்பதும் உண்டு. தமிழ்நாட்டில் வழங்கும் ‘சலனம்’ என்பதிலோ அசைவு மட்டுமே உண்டு. அசைவது யாது, அது கொண்டுசெல்வது யாது என்பன இல்லை. மனச்சலனம், சலனப்படம் என்று வேறிடங்களில் பழகிய சொல்லாதலின் சிறுவன் இதனை நடுக்கம் என்றோ அலைவு என்றோ கொள்ளக்கூடும். கோடைக்காலத்து மாலைகளில் வானிலைச் செய்தி ‘வெப்பச்சலனம் காரணமாக’ இடியுடன் மழை பெய்யக்கூடும் என அறிவிக்கிறது. நாடு முழுவதும் கேட்கும் இத்தொடரைப் பள்ளியில் படித்த பாடத்தோடு பொருத்திக் காண்போர் சிலரே. தரையை ஒட்டிய காற்று சூடேறி, இலேசாகி, நீராவியைத் தாங்கி மேலெழுந்து, உயரத்தில் குளிர்ந்து முகிலாகிறது என்பதை அச்சொல்லிலிருந்து எவ்வாறு பெறுவது?

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதற்கு ‘மேற்காவுகை’ என்னும் சொல்லை ஆள்கின்றன. காவுதல் என்பது தோளில் சுமத்தல். யாழ்ப்பாணத்துப் பேச்சில் இன்றும் ‘காவிக்கொண்டு போ’ என்பது வழக்கு. காவடி என்னும் சொல்லால் தமிழ்நாட்டுச் சிறுவனும் இவ்வினையை அறிவான், அறிந்ததை அறியாதவனாக. பிரௌட் இலத்தீனில் தேடிய வினையை ஈழத்தார் தம் தெருவிலேயே கண்டெடுத்தனர். இச்சொல்லையே மூன்றனுள்ளும் சிறந்த ஆக்கம் எனக் கூறத் தடையில்லை. ஆயினும் ‘மேல்’ என்னும் முன்னொட்டு ஒரு சிறு தீங்கு செய்கிறது. சூடேறிய நீர் மேலெழுதல் பாதி. குளிர்ந்த நீர் கீழிறங்கி அதன் இடத்தைக் கொள்ளுதல் மறுபாதி. விசிறியால் வீசப்படும் காற்று பக்கவாட்டிலும் வெப்பத்தைக் காவிச் செல்கிறது. ‘வெப்பக் காவுகை’ என்றே அமைத்திருப்பின் குறையொன்றும் இராது.

மூன்றாவது வகைக்கு வருவோம். கதிர்வீசல் என்பது பொருளளவில் பிழையற்ற சொல். ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஞாயிற்றிலிருந்து இடையே காற்றும் இல்லாத வெளியைக் கடந்து எட்டு நிமிடங்களில் ஒளியும் வெப்பமும் நம்மை வந்தடைகின்றன என்பதை அச்சொல் ஒருவாறு உணர்த்தும். ஆனால், இவ்வகைக்குத் தமிழில் ஒரு வினைச்சொல் ஈராயிரம் ஆண்டுகளாக இருந்துவருகிறது. பாடநூலார் அதனை நோக்கினாரல்லர். அது ‘காய்தல்’.

வெயில் காய்கிறது என்கிறோம். ஈண்டு வெப்பம் தருவது எழுவாய். முதியவர் வெயில் காய்கிறார் என்கிறோம். ஈண்டு வெப்பம் பெறுவது எழுவாய். தருவதற்கும் பெறுவதற்கும் ஒரே வினை நிற்பது வியப்புக்குரியது. இடையில் கம்பியோ நீரோ காற்றோ வேண்டப்படாமையை மொழியே குறித்துவிட்டது போலும்! தீக்காய்தல் என்பதும் அவ்வாறே. அடுப்பைத் தொடுபவனை நாம் தீக்காய்பவன் என்பதில்லை, அவன் சுட்டுக்கொண்டவன். அடுப்புக்கு மேலே கையை நீட்டுபவன் அனல் தாக்கியவன். பக்கத்தில், சற்று எட்ட அமர்ந்திருப்பவனே தீக்காய்பவன். இம்மூவர் நிலையும் முறையே கடத்தல், காவுகை, கதிர்வீசல் என்னும் மூன்றற்கும் ஒருவாறு ஒத்துவருதல் காண்க. வள்ளுவர் மன்னரைச் சேர்ந்தொழுகுவார்க்குத் தீக்காய்வாரை உவமை கூறியதும் இத்தொலைவின் அளவு கருதியே. மிக அகன்றால் பயனில்லை, மிக அணுகினால் கேடு. ‘நெடுநல்வாடை’யில் கூதிர்க்காலத்து மக்கள் குறுகிய வாயையுடைய நீர்க்கன்னலை விலக்கி, அகன்ற வாயையுடைய தடவில் இட்ட நெருப்பை நாடுவதாக நக்கீரர் பாடியுள்ளார். வாயின் அகலத்தைப் புலவர் ஏன் எண்ணினார் என்று ஒரு மாணாக்கனைக் கேட்டுப் பார்க்கலாம். நெருப்பின் பரப்பு எவ்வளவு வெளிப்பட்டுத் தோன்றுகிறதோ அவ்வளவுக்குச் சுற்றி இருப்பவர் மீது கதிர் விழும் என்பது அவனுக்குத் தானே புலப்படும். புலவர் இயற்பியல் கற்பித்தார் என்று நாம் கூறவில்லை; அத்தகைய கூற்றுகள் நம் துறைக்குப் பெருமை தருவனவல்ல. அவர் கண்டு எழுதினார் என்பதே நாம் கூறுவது.

காய்தலையே கலைச்சொல்லாக்குக என்பதும் நம் கருத்தன்று. ஈரத்துணி நிழலில் காற்றுப்பட்டும் காய்கிறது, பால் அடுப்பில் காய்கிறது, சினந்தாரும் காய்வர். கலைச்சொல்லுக்கு வேண்டிய வரையறை அச்சொல்லுக்கு இல்லை. பாடத்தின் வாயிலாக அது பயன்படும். உள்ளே சென்றபின் வேறு சொல் வேண்டும்.

இதுவரை கூறியதிலிருந்து, வழக்கு மொழியைப் பின்பற்றினால் பாடம் தெளிவடையும் என்று யாரேனும் முடிவு கட்டுவாராயின் அவரும் வழிதவறியவராவர். வழக்கு மொழி சிறுவனுக்கு எத்துணை உதவுகிறதோ அத்துணை ஏமாற்றவும் செய்கிறது. ‘கதவைச் சாத்து, குளிர் உள்ளே வருகிறது’ என்று தாய் கூறுகிறாள். குளிர் என்றொரு பொருள் இல்லை, வெளியேறுவது வெப்பமே. ‘கம்பளி சூடு’ என்கிறோம், கம்பளியில் சூடில்லை. ‘மாம்பழம் சூடு’ என்கிறோம். அச்சூடு மருத்துவ மரபுபற்றியது, வெப்பமானி காட்டாதது. ‘இரும்பு குளிர்ந்த பொருள், மரம் வெதுவெதுப்பான பொருள்’ என்று சிறுவன் கூறுவான். இரண்டும் ஒரே அறையில் ஓரிரவு இருந்தனவாயின் இரண்டன் வெப்பநிலையும் ஒன்றே. மார்கழி விடியலில் இரும்புக் கதவு கையிலுள்ள வெப்பத்தை விரைந்து வாங்கிக்கொள்கிறது. இரும்பின் வெப்பங்கடத்துதிறன் மரத்தினதைப் போலப் பல நூறு மடங்கு. மரம் மெல்ல வாங்குகிறது. நம் தோல் வெப்பநிலையைவிட அவ்விழப்பின் விரைவையே உணர்கிறது. அதே இரும்பு, சித்திரைத் திங்களில் காற்றின் வெப்பநிலை 40 பாகை செல்சியஸைத் தாண்டும் நண்பகலில், நிழலில் இருந்தாலும் மரத்தினும் மிகுதியாகச் சுடும். இரும்பு இயல்பிலேயே குளிர்ந்த பொருளாயின் சித்திரையிலும் அது மரத்தினும் தண்ணென்றிருத்தல் வேண்டும் அன்றோ? இவ்வொரு வினா, ‘கடத்திகள், கடத்தாப் பொருள்கள்’ என்னும் பட்டியல் முழுவதையும்விட மிகுதியாகக் கற்பிக்கும்.

கம்பளி பற்றிய மயக்கத்தை நீக்கச் சென்னை நகரமே ஒரு சான்று தருகிறது. இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் கடற்கரைக் கட்டடம் 1842-இல் பனிக்கட்டி வைப்பதற்கெனக் கட்டப்பெற்றது. அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் பகுதியில் மாரிக்காலத்து ஏரிகளில் அறுத்தெடுத்த பனிக்கட்டியை பிரடெரிக் டியூடர் என்னும் வணிகரின் நிறுவனம் மரத்தூள் முதலியவற்றால் பொதிந்து, திங்கள் கணக்கில் கடலோடும் கப்பல்களில் ஏற்றி, வெப்பநாடுகளுக்கு அனுப்பியது. மரத்தூளும் கம்பளியும் சூடு தரும் பொருள்களாயின் அப்பனிக்கட்டி சென்னையைக் கண்டிராது. அவை செய்யும் வேலை, தம் இடுக்குகளில் காற்றை அசையாது நிறுத்திவைத்தலே. அசையாத காற்று வெப்பத்தை மிக மெல்லச் செலுத்துவது; அதனோடு ஒப்பிடச் செம்பின் திறன் பதினாயிரம் மடங்குக்கும் மேற்பட்டது. வெளிவெப்பம் உட்செல்லாமல் தடுக்கும் அதே பொதி, உடல்வெப்பம் வெளிச்செல்லாமலும் தடுக்கும். ‘போர்வை காக்கிறது’ என்று பாடம் கூறலாம். ‘போர்வை வெப்பம் தருகிறது’ என்று கூறலாகாது. ஒரு வினைச்சொல்லின் வேறுபாடுதான். ஆனால் ஒன்று மெய், மற்றொன்று பொய்.

இனிப் பாடநூல்களும் ஆசிரியர்களும் பெரிதும் விரும்பும் உவமை ஒன்றைக் காண்போம். வரிசையாக அமர்ந்த மாணவர் ஒரு புத்தகத்தைக் கைக்குக் கை மாற்றிக் கடைசி மாணவனிடம் சேர்ப்பது கடத்தல். ஒருவனே எழுந்து எடுத்துச்சென்று கொடுப்பது காவுகை. இருந்த இடத்திலிருந்து எறிவது கதிர்வீசல். எளிமையும் கலகலப்பும் உடைய உவமை. ஆயினும், உவமத் தோற்றத்தைத் தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என நான்காகப் பகுத்திருப்பது ஈண்டு நினையத்தக்கது. புத்தக உவமை வினை பற்றியது. செல்லும் முறையை மட்டும் அது விளக்குகிறது. சிறுவனோ அதனை மெய் பற்றிய உவமமாகவும் கொண்டுவிடுகிறான். புத்தகம் ஒரு பொருள். ஆகவே வெப்பமும் ஒரு பொருள்.

இப்பிழை சிறுவன் ஒருவனது அன்று. பெரும் வேதியியலறிஞர் இலவாசியே 1789-இல் தாம் வெளியிட்ட தனிமப் பட்டியலில் வெப்பத்தையும் ஒரு பொருளாகச் சேர்த்திருந்தார். 1798-இல் ரம்போர்டு, மியூனிக் நகரில் பீரங்கி துளைக்கும்பொழுது உராய்வு நிகழும் வரையில் வெப்பம் தோன்றிக்கொண்டே இருப்பதையும், அவ்வெப்பத்தால் நீர் கொதித்ததையும் எடுத்துக்காட்டி, ஒரு பொருளினின்றும் எல்லையின்றி வெளிப்படக்கூடியது பொருளாக இருத்தல் இயலாது, அது இயக்கமாகவே இருத்தல் வேண்டும் என வாதிட்டார். அவ்வாதம் நிலைபெற மேலும் ஓர் அரை நூற்றாண்டு ஆயிற்று. பேரறிஞர் விடுவதற்கு அத்துணைக் காலம் கொண்ட கருத்தை ஓர் உவமையால் நாம் சிறுவனுக்கு மீண்டும் ஊட்டுகிறோம்.

கடத்தலுக்கு வேறு உவமை காணுதல் அரிதன்று. தேர்த்திருவிழாக் கூட்டத்தில் பின்னே நிற்பவர் தள்ளினால் அத்தள்ளல் ஆள்மேல் ஆளாகச் சென்று முன்வரிசையில் நிற்பவரைத் தடுமாறச் செய்கிறது. பின்னே நின்றவர் பின்னேயே நிற்கிறார்; யாரும் யாரிடமும் எதனையும் கொடுக்கவில்லை. இவ்வுவமையில் வினையும் ஒக்கும், மெய்யும் ஒக்கும். மற்ற இரண்டற்கும் இக்கூட்டத்திலிருந்தே உவமை காணலாமா எனின், காவுகைக்கு ஒருவாறு காணலாம், கதிர்வீசலுக்கு இயலாது. மூன்றையும் ஒரே உவமையில் அடக்கும் ஆசையே புத்தக உவமையின் கேட்டுக்குக் காரணம் என்று தோன்றுகிறது.

நல்ல நடைக்கு மேலைநாட்டுச் சான்று வேண்டுவோர் மைக்கேல் பாரடே 1860-61 கிறிஸ்துமஸ் காலத்தில் இலண்டன் இராயல் நிறுவனத்தில் சிறார்க்கு ஆற்றிய மெழுகுவத்திச் சொற்பொழிவுகளைக் காண்க. எரியும் மெழுகுவத்தியின் தலையில் ஒரு கிண்ணம்போலக் குழி ஏற்படுவது ஏன் என்பதை அவர் விளக்கும் முறை சிறந்தது. சுடரின் வெப்பத்தால் காற்று மேலெழுகிறது. எழும் காற்று மெழுகின் விளிம்பைக் குளிரச்செய்கிறது. விளிம்பு உருகாமல் நிற்க, நடு உருகுகிறது. உருகிய மெழுகுக்கு விளிம்பே கரையாகிறது. காற்று, விளிம்பு, நடு என ஒவ்வொன்றும் தன் தொழிலைத் தானே செய்கிறது. நம் மொழியில் இராஜாஜி வேதியியலுக்கு எழுதிய ‘திண்ணை ரசாயனம்’ என்னும் நூலின் தலைப்பே அத்தகைய நோக்கத்தைக் காட்டுகிறது. பெ.நா. அப்புசுவாமி தம் நெடிய வாழ்நாளில் (1891-1986) அறிவியலைத் தமிழில் எழுதி வழிகாட்டினார். இவர்கள் காட்டிய வழி பொதுநூல்களில் தொடர்ந்தது. குழுக்களால் எழுதப்பெறும் பாடநூல்களில் அத்துணைத் தொடரவில்லை. குழுவின் நடையில் செய்வோன் மறைவது இயல்புபோலும்.

வினைச்சொல் பற்றிய ஆராய்ச்சியில் இன்னும் ஒன்று எஞ்சுகிறது. அஃது ‘ஆறுதல்’. காப்பி ஆறிற்று, சோறு ஆறிற்று, புண் ஆறிற்று, சினம் ஆறிற்று. இவ்வினை முடிவை மட்டும் கூறுகிறது. போனது எங்கே போயிற்று என்பதைக் கேட்பதில்லை. புண்ணுக்கும் சினத்துக்கும் அவ்வளவே போதும். காப்பிக்குப் போதாது, அதன் வெப்பம் அழிந்துவிடவில்லை. நல்லூழாக, இவ்வினைக்கு ‘ஆற்றுதல்’ என்னும் பிறவினை உண்டு. அதனைச் செய்வோரையும் சிறுவன் நாள்தோறும் காண்கிறான். கடைக்காரர் காப்பியை உயரத்திலிருந்து டபராவில் ஊற்றி, மீண்டும் டம்ளரில் ஊற்றுகிறார். காப்பி நீண்ட தாரையாகிக் காற்றோடு பரந்து உறவாடுகிறது. சூடேறிய காற்று விலக, புதிய காற்று வந்து சேர்கிறது. டபராவைத் தொடும் சிறுவன் வெப்பத்தின் ஒரு பகுதி சென்ற இடத்தைக் கையாலேயே அறிகிறான். ஆனால், மேலெழும் ஆவியோடு சென்ற பகுதி சிறியதன்று. ஆவியாகும் நீர், தான் ஆவியாதற்கு வேண்டிய வெப்பத்தை எஞ்சிய காப்பியிடமிருந்தே கொண்டுபோகிறது. இது மூவகையுள் எவ்வகை என்று ஒரு மாணாக்கன் வினவுவானாயின், மூன்று பெயர்களை மட்டும் தரும் பாடம் அவனுக்கு விடை கூறாது. ‘யார் எதனை எங்கே கொண்டுபோயினர்’ எனக் கேட்கப் பழகியவன் தானே விடையைத் தேடத் தொடங்குவான்.